டிரைவர் சாகாத ஊர்

உலகத்தில் எங்கே போட்டாலும் ‘வெள்ளி ஆணி’ படத்தில் லாரி டிரைவர் செத்துப்போவான். ஆரணியில் மட்டும் அவன் சாகவில்லை. அந்தப் புண்ணியம் ஆபரேட்டர் பச்சையப்பனைச் சேரும். படம் மொத்தம் பத்து ரீல். ஒவ்வொரு பெட்டியின் மேலும் நம்பர் எழுதியிருந்தது. ஆறையும் ஒன்பதையும் தலைகீழாகப் பிடித்தால் எது எதுவென்று யாருக்குத் தெரியும்? பச்சையப்பன் மாற்றி மாட்டிவிட்டார். தமிழில் பேசினாலும் அது இங்கிலீஷ் படம்தானே, முன்னே பின்னே இருந்தால் என்ன என்று விட்டும்விட்டார்.

ஏதோ அமெரிக்கச் சித்திரக்கதைப் புத்தகத்திலிருந்து எடுத்த படமாம். கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருத்தன் ஊர் ஊராகப் போய், ரத்தக்காட்டேரிகளை வெள்ளியில் செய்த ஆணியால் அடித்துக் கொல்கிறான். சும்மா கொல்வதில்லை. தலை உருளும், சுவரெல்லாம் ரத்தம் வழியும், முன் பெஞ்சில் இருப்பவன் வேட்டியைப் பார்த்துக்கொள்வான். அப்படிப்பட்டவனுக்கு உலகத்தில் இருக்கிற ஒரே துணை ஒரு குண்டு டிரைவர். எட்டாவது ரீலில் டிரைவரைக் காட்டேரி கடித்துவிடும். வேறு வழியில்லாமல் கோட்டுக்காரனே அவன் நெஞ்சில் ஆணியை இறக்குவான்.

1999இல் ஆரணியில் முதல் ஆட்டம் ஓடியபோது அந்த இடத்தில் தியேட்டர் இழவு வீடாகிவிட்டது. அடுத்தாற்போல் பச்சையப்பன் ஆறாவது ரீலை ஓடவிட்டார். டிரைவர் லாரியில் உட்கார்ந்து கோழிக்காலைக் கடித்துக்கொண்டே, “ஏறிக்க வாத்யாரே, வண்டி ஸ்டார்ட்ல கீது!” என்றான். விசில் அடங்கக் கால் மணி நேரம் ஆனது. என்ன ஏது என்று கேட்காமல், “இதே மாதிரியே போடு” என்று சொல்லிவிட்டார் முதலாளி. மூன்று நாள் ஓடவேண்டிய படம் இருபத்தைந்து நாள் ஓடியது. பிரிண்டை விலைக்கு வாங்கி வைத்துக்கொண்டு வருஷா வருஷம் ஆடி மாதத்தில் போட ஆரம்பித்தார். படவேட்டு அம்மனைப் பார்க்க வருகிற கூட்டத்தில் பாதிப் பேர், ஆடி வெள்ளிக்காகவே எடுத்த படம் என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

செத்தவன் எப்படி எழுந்து வந்தான்? அதற்கு விடை சொன்னவன் தனசேகரன்.

“காட்டேரிய ஏமாத்தறதுக்கு ரெண்டு பேரும் சேந்து நடிச்சாங்கடா. ஆணி கைக்கும் நெஞ்சிக்கும் நடுவுல போயிருக்கும். நல்லா உத்துப் பாருங்க.”

ஊரே உற்றுப் பார்த்தது, ஒப்புக்கொண்டது. தனசேகரன் வாழ்க்கையில் அவன் பேச்சை நாலு பேர் நின்று கேட்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

பாவு பிணைப்பது அவன் வேலை. தறியில் நெடுக்காக ஓடும் நூலான பாவு ஒன்று தீர்ந்ததும், பழைய இழைகளின் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்கவேண்டும். ஆயிரக்கணக்கான இழை. யார் வீட்டில் கூப்பிட்டாலும் போய்த் தறிக்கு முன்னால் குனிந்தால் சாயங்காலம்தான் நிமிர்வான். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்கா திலகவதி காஞ்சிபுரத்தில் வாழ்க்கைப்பட்டுப் போனவள் பொங்கலுக்குப் பொங்கல் கடிதம் போடுவாள். பேச ஒரு ஆள் என்றால் ஜெயவேல் மட்டும்தான். சந்தவாசலிலிருந்து வந்து சைக்கிள் கடையில் வேலை பார்த்தவன். ‘வெள்ளி ஆணி’யை இரண்டு பேரும் பதினோரு தடவை சேர்ந்து பார்த்தார்கள். காலையில் தனசேகரன் கடை வழியாகப் போனால் ஜெயவேல், “ஏறிக்க வாத்யாரே” என்பான். “வண்டி ஸ்டார்ட்ல கீது” என்று இவன் சொல்லவேண்டும். சொல்லிவிட்டுப் போனால் அன்றைக்கு முழுக்கக் குனிந்த முதுகு வலிக்காது.

படத்தில் இன்னொரு இடம். கோட்டுக்காரன் தனியாக லாரி ஓட்டுவான். பக்கத்து சீட்டில் டிரைவருடைய தொப்பி மட்டும் இருக்கும். ஒன்பதாவது ரீலில் வரவேண்டிய அது, ஆரணியில் டிரைவர் சாவதற்கு முன்பே வந்துவிடும். “பாத்தியா, பஸ்ல துண்டு போடறாப்ல தொப்பியப் போட்டு எடம் புடிச்சிட்டு டீ குடிக்கப் போயிட்டான்!” என்று ஜெயவேல் கத்துவான். தியேட்டர் சிரிக்கும்.

2001இல் ஜெயவேல் ஒரு வேலையாக வேலூருக்குப் போனவன், அங்கே அதே படத்தைப் பார்த்துவிட்டு வந்தான். டீக்கடையில் பத்துப் பேரை வைத்துக்கொண்டு, “சேகரு, நம்ம ஊர்ல எதோ கோல்மால் பண்ணிகினு இருக்கானுங்கடா. டிரைவர் செத்துட்டான்டா. திரும்பி வரவே இல்ல” என்றான். எல்லாரும் தனசேகரனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவனுக்கு முகம் சுண்டிவிட்டது.

“வேலூர்ல பிரிண்ட வெட்டிட்டு ஓட்டியிருப்பானுங்க.”

“இல்லடா, செத்தவன் செத்தவன்தான்.”

“இனிமே எம் மூஞ்சில முழிக்காத” என்று டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டான் தனசேகரன். ஒரு குண்டு டிரைவருக்காக ஒரே சிநேகிதனை விடுவானா ஒருத்தன்? விட்டான். அடுத்த மாதம் ஜெயவேல் போளூருக்குப் போய் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்தான். மறுவருஷம் கல்யாணம். ஆரணியில் பலருக்குப் பத்திரிகை வந்தது. தனசேகரனுக்கு வரவில்லை. கோபம் இன்னும் தீரவில்லை என்று புரிந்துகொண்டான். ஆனாலும் ஆடிக்கு ஆடி தியேட்டரில் பக்கத்து இடத்தில் துண்டு போட்டு வைப்பான். “ஆள் வருதா?” என்று கேட்பவர்களிடம், “வருது” என்பான். விளக்கை அணைத்த பிறகுதான் துண்டை எடுப்பான். ஏழு வருஷம் இப்படிப் போனது.

2008இல், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிருஷ்ணம்மாள் வீட்டில் பாவு பிணைத்துக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் டிவியைப் போட்டுவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். டிவியில் ‘வெள்ளி ஆணி’. கை பாட்டுக்கு இழையை முறுக்க, கண் அங்கே போனது. கோழிக்கால் முன்னாலேயே வந்துவிட்டது. அப்புறம் கடி, ஆணி, சாவு. ‘இப்போது வருவான்’ என்று காத்திருந்தான். வந்தது தொப்பி. கோட்டுக்காரன் விடியற்காலையில் தனியாக லாரியை ஓட்டினான். வளைவில் தொப்பி சரிந்தது. அதை எடுத்து மறுபடி சீட்டின் நடுவில் வைத்தான். எத்தனையோ தடவை பார்த்துச் சிரித்த இடம்.

“இன்னாப்பா, கை நின்னுடுச்சி? ஒடம்பு செரியில்லியா?” என்றாள் கிருஷ்ணம்மாள்.

“ஒண்ணுமில்லம்மா, கண்ணு எரியுது.”

“வெங்காயம்” என்று அவள் தட்டைத் தள்ளி வைத்துக்கொண்டாள்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போளூர் பஸ் ஏறினான். நீ சொன்னதுதான் சரி, என்னை மன்னித்துவிடு. இவ்வளவுதான் சொல்லவேண்டும். சொல்லிவிட்டால் ஜெயவேல் பழைய ஜெயவேல் ஆகிவிடுவான், வருகிற ஆடிக்குத் துண்டு போட்ட இடத்துக்கு ஆள் வந்துவிடும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனான்.

கடை பெரிதாக இருந்தது. கல்லாவில் தொப்பையும் மூக்குக் கண்ணாடியுமாக ஜெயவேல் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். தனசேகரன் வாசலில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஏறிக்க வாத்யாரே” என்றான். எழுதுகிற கை நிற்கவில்லை. இவனே மீதியையும் சொன்னான்:

“வண்டி ஸ்டார்ட்ல கீது.”

“ஆஃப் பண்ணுங்க சார், பெட்ரோல் வேஸ்டாவுதுல்ல” என்றான் ஜெயவேல், தலையை நிமிர்த்தாமலே.

அப்புறம் நிமிர்ந்தான். “டேய் சேகரு! நீயா? வாடா, உக்காரு. டேய், யாராவது ஜல்தியா ஒரு டீ சொல்லுங்கடா!” முகமெல்லாம் சிரிப்பு. அதில் ஒரு துளிக் கோபம் இல்லை. தனசேகரன் உட்கார்ந்து, டீ வருவதற்குள் சொல்லி முடித்துவிடவேண்டும் என்று வேகமாகச் சொன்னான்.

“நேத்து டிவில பாத்தண்டா. நீ சொன்னதுதான் கரெக்டு. செத்துட்டான். நான்தான் உன்ன அன்னிக்கி...”

“யாருடா செத்தது?” ஜெயவேல் பதறிப்போனான்.

“டிரைவர்டா. வெள்ளி ஆணி.”

ஜெயவேல் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். “ஆமா, அந்த ஆணி அடிக்கிற படம். பேய்ப் படம். அதுக்கு இன்னா?”

“அதுக்குத்தான நம்ம டீக்கடைல சண்ட போட்டுகினம். மூஞ்சில முழிக்காதன்னு சொன்னேனே.”

“நாமளா? எப்படா?” ஜெயவேல் சிரித்தான். “எனுக்கு ஞாபகமே இல்லடா. சின்ன வயசுல ஆயிரம் பேசியிருப்போம்.”

“அப்ப பத்திரிகை?”

“எந்தப் பத்திரிகை?... ஓ, கல்யாணத்துக்கா? உனுக்கு வெக்கலியா நானு? அந்தப் பேஜார்ல வுட்டுப்போச்சி போலகீதுடா. தப்பா நெனச்சிக்காத” என்றான். அதற்குள் ஒருத்தர் செயின் கேட்டு வந்துவிட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிய ஜெயவேல், “சொல்லு, எதனா சாமான் வேணுமா?” என்று கேட்டான்.

“இல்ல. இந்தப் பக்கம் ஒரு வேல. அப்படியே பாத்துட்டுப் போலாம்னு.”

கோபமாக இருந்திருந்தால் காலில் விழுந்தாவது சரிசெய்திருக்கலாம். மறந்துபோனவனிடம் எதற்கென்று மன்னிப்புக் கேட்பது? ஏழு வருஷமாக இவன் ஒருத்தனே இரண்டு பேருக்கும் சேர்த்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். டீ நன்றாகத்தான் இருந்தது. குடித்துவிட்டுப் பஸ் ஏறினான்.

ஆடி வந்தது. வெள்ளிக்கிழமை மேட்னி. தனசேகரன் போகக்கூடாது என்றுதான் இருந்தான், கால் கேட்கவில்லை. பழக்கதோஷத்தில் பக்கத்து இடத்தில் துண்டும் விழுந்துவிட்டது. நெற்றி நிறையக் குங்குமமும் கையில் பிரசாதப் பையுமாக ஒரு பெரியவர் வரிசையில் நுழைந்து, “ஆள் வருதாங்க?” என்று கேட்டார்.

தனசேகரன் துண்டைப் பார்த்தான். எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டான்.

“இல்லிங்க. உக்காருங்க.”

படம் ஓடியது. தொப்பி வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அவனால் சிரிக்க முடியவில்லை. ஆணி இறங்கியபோது பெரியவர் “அடப்பாவி” என்று பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அப்புறம் கோழிக்காலோடு டிரைவர் வந்தான். விசில் பறந்தது. பெரியவர் இவன் தொடையைத் தட்டினார்.

“செத்தான்ல? எப்டிங்க வந்தான்?”

முன்பே பச்சையப்பனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்த ஆறு, ஒன்பது கதையெல்லாம் தனசேகரனின் நாக்கு நுனிவரை வந்தது. பெரியவர் முகம் திரை வெளிச்சத்தில் ஆவலோடு இவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

“சாவலிங்க. ரெண்டு பேரும் சேந்து நடிச்சாங்க.”

“அதான பாத்தேன்” என்று பெரியவர் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். “அவ்ளோ சிநேகிதம். அப்டி வுட்ருவானா?”

“வுடமாட்டாங்க” என்றான் தனசேகரன், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.