பங்கு முடியும் வரை

லோகாம்பாள் ஊட்டிய கஞ்சி உள்ளே இறங்கவில்லை. கடைவாயில் வழிந்து கழுத்து மடிப்பில் தேங்கியது. முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு மாமியாரின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு கஞ்சிச் சட்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

வெளியே தோணிகளைத் தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இந்த நேரம் அவள் வாசலுக்கு ஓடி மாரில் அடித்துக்கொண்டு அழ வேண்டும். அழுதால் அத்தனை தோணியும் கரையேறிவிடும். குப்பத்தில் பிணம் கிடக்கும்போது வலையைத் தொடுவது வழக்கமில்லை. ஏரியில் ஒவ்வொரு குப்பத்துக்கும் முறை வைத்துத்தான் வலை. அதைப் பாடு என்பார்கள். இன்று இந்தப் பசியாவரம் குப்பத்தின் பாடு. விட்டால் அடுத்த அமாவாசை கழித்துத்தான். மழை பொய்த்த வருஷம். எந்த வீட்டுப் பானையிலும் தானியம் இல்லை.

மாமியார் வேலம்மா போன வாரமே சொல்லிவிட்டாள்.

"பாடு நாள்ல நான் போய்ட்டன்னா வாயத் தொறக்காத. பங்கு முடியட்டும், அப்பால அழுவு."

"அவருகிட்டயாவது சொல்லட்டுமா அத்தே?"

"அவனா? அவன் மூஞ்சியே ஊருக்குச் சொல்லிடும்."

படலுக்கு வெளியே அவள் புருஷன் சகாதேவனின் குரல் கேட்டது. "லோகா, அம்மா கஞ்சி குடிச்சிச்சா?"

"தூங்குது."

"நான் பாத்துட்டுப் போறேன்."

"இப்பதான் கண்ணு அசந்திச்சி. எழுப்பாதீங்க."

அவன் படலில் வைத்த கையை எடுத்துக்கொண்டான். பிறகு மணலில் அவன் காலடி தூரமாகிப் போனது.

கிழவியின் வாய் திறந்துகொண்டது. தாடையைத் துணியால் கட்டினால் யாராவது எட்டிப் பார்க்கும்போது தெரிந்துவிடும். லோகாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தத் தாடையைத் தன் உள்ளங்கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். கை மரத்துப்போனபோது மறு கையை மாற்றிக்கொண்டாள்.

வெயில் ஏறியதும் பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் வந்து வாசலில் நின்றாள்.

"இன்னாடி, கெய்வி இன்னும் எழுந்திரிக்கலியா? பாடு நாள்ல மொத ஆளா கரையில நின்னு கத்திக்கினு இருப்பாளே!"

லோகாம்பாள் படலை ஒட்டி வந்து நின்றாள். "உடம்பு முடியல அவங்களுக்கு."

"கரையில ஒரே ரகளை. மேட்டுல குந்தினு இருக்கிற வயக்காட்டு சனத்துக்குப் பங்கு கெடையாதுன்றானுங்க நம்ம கெய்வனுங்க. பாடு நம்முளுதாம். கெய்விய எழுப்பிக் கேட்டுச் சொல்லு. அவ சொன்னாதான் அடங்குவானுங்க."

மேட்டில் இருந்தவர்கள் நிலம் காய்ந்து வந்தவர்கள். இங்கே ஒன்றும் கிடைக்காவிட்டால் ஏரியைத் தாண்டி ஒல்லாந்தர் கோட்டைக்குப் போவார்கள். அங்கே கப்பலுக்கு அடிமையாக ஆள் வாங்குகிறார்கள். பிள்ளைகளையும் வாங்குகிறார்கள். முந்தின பஞ்சத்தில் அந்தக் கோட்டைத் துறையில், விற்க வந்து நின்ற ஒரு வயக்காட்டுக்காரியின் இடுப்பிலிருந்து பெண் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு தன் தோணியில் ஏறியவள் வேலம்மா. திட்டிக்கொண்டே பின்னால் ஓடிவந்த தாயையும் ஏற்றிக்கொண்டாள். அந்தப் பிள்ளை வளர்ந்ததும் தன் மகனுக்கே கட்டிவைத்தாள். ஊர் வாய் ஓயச் சில வருஷம் பிடித்தது.

லோகாம்பாள் உள்ளே போனாள். கிழவியின் காதருகே குனிந்தாள். ஊர்க் காரியத்தில் அவள் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. நிமிர்ந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள்.

"எல்லாருக்கும் போடச் சொல்லுது."

"மேட்டு சனத்துக்குமா?"

"நம்ம வூட்டுக்கு எவ்ளோவோ அவங்களுக்கும் அவ்ளோவாம்."

பவுனம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "செத்தாலும் திருந்த மாட்டா இவ!" என்று சிரித்துக்கொண்டே கரைக்கு ஓடினாள்.

தோணிகள் திரும்பியபோது குப்பமே கூச்சலிட்டது. சகாதேவன் இரண்டு கையிலும் கொழுத்த மடவை மீனோடு குனிந்து உள்ளே வந்தான்.

"யம்மா, இத்தப் பாரு! தோணி தாங்கல!"

மீனைக் கீழே போட்டுவிட்டு அம்மாவின் பாதத்தைத் தொட்டவன் கையை எடுக்கவில்லை. மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தான்.

"எப்போ?"

"நீங்க கெளம்பறதுக்கு முன்ன."

அவன் கை ஓங்கி எழுந்தது. அவள் நகரவில்லை. கை எழுந்த இடத்திலேயே சற்று நின்று தானாக இறங்கியது.

"சகாதேவா!" வெளியே பவுனம்மாள் கூவினாள். "பங்கு போடப் போறோம். கெய்விய தூக்கினு வாடா, கண்ணால பாக்கட்டும்!"

அவன் வாசலை மறைத்துக்கொண்டு நின்றான்.

"நீயே போடு அத்தே. அது சொன்ன மாரியே போடு."

"இன்னாடா, கொரலு ஒரு மாரி இருக்குது?"

"ஏரித் தண்ணி குடிச்சிட்டேன். உப்பு."

படலை இழுத்துச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். வெளியே ஒவ்வொரு சட்டியாக மீன் விழும் சத்தம் கேட்டது. நடுவே யாரோ ஒரு குழந்தை சிரித்தது. சகாதேவன் கையில் ஒட்டியிருந்த செதில்களைப் பிய்த்துப் பிய்த்துத் தன் முழங்காலில் ஒட்டிக்கொண்டிருந்தான்.

லோகாம்பாள் தலைமாட்டில் சற்று நகர்ந்து அவனுக்கும் இடம் விட்டாள்.