ஒல்லிக்குச்சியின் எடை

என் தம்பியை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒல்லிக்குச்சி. ஊதினால் பறந்துவிடுவான் என்பாள் அம்மா. அவன் போய்ச் சேர்ந்ததோ, விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கிற படையில். ஆள் எடுத்த அன்று, எடை குறைந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களே என்று பயந்து வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனான். செம்பு செம்பாக மொண்டு கொடுத்தது அம்மாதான். சும்மா சுற்றுகிற பிள்ளைக்கு ஒரு வழி பிறக்கட்டும் என்றுதான் கொடுத்தாள்.

"எடை மெஷின்ல வாயே திறக்காம நின்னேம்மா. திறந்தா குடிச்சதெல்லாம் வெளிய வந்துடும்" என்று வந்து சொன்னான். நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

நான் ராணுவக் கிடங்கில் பாராசூட் மடிக்கிறவள். எங்களுக்கு அது குடை. நீண்ட மேசையில் துணியை விரித்து, கயிறுகளைச் சிக்கெடுத்து, மடித்துப் பையில் அடக்கி, மேலே ஒரு நூல்முடிச்சு போட வேண்டும். யார் மடித்தது யார் முதுகில் ஏறும் என்று எங்களிடம் சொல்லமாட்டார்கள். தெரிந்தால் கை நடுங்கும் என்பார் மேற்பார்வையாளர். போர் தொடங்கியதிலிருந்து எனக்கு எல்லா முதுகும் தம்பி முதுகுதான். "திறந்துடு தாயே" என்று வேண்டித்தான் ஒவ்வொரு முடிச்சையும் போட்டேன்.

"குதிக்கும்போது இறந்துட்டாரும்மா" என்று ஓர் அதிகாரி வாசலில் நின்று சொன்னார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

அம்மா அழவில்லை. திரும்பி என் கைகளைப் பார்த்தாள். அன்றிலிருந்து நான் போட்ட சாப்பாட்டைத் தொடவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களாவது வாயை மூடிக்கொண்டு இருந்தார்களா? "மடிச்சதுல ஏதோ கோளாறாம்" என்று சமையலறை வரை கேட்கும்படி குசுகுசுத்தார்கள். விளக்குமாற்றை எடுத்து விரட்டியிருப்பேன். ஆனால் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவனோடு குதித்த சிநேகிதன் வந்தான். நெட்டையன் என்று தம்பி சொல்லுவானே, அவன். ஒரு கையில் கட்டு. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துச் செம்பை முக்காலியில் வைத்தான். என்னால் பொறுக்க முடியவில்லை.

"அவன் போட்டிருந்தது யார் மடிச்ச குடைன்னு தெரியுமாப்பா?"

"உங்களதுதான்க்கா. நீங்க இடதுகைக்காரங்க, முடிச்சு மாறி விழும்னு சொல்வான். அந்த முடிச்சு எனக்கு வந்த குடையில இருந்துச்சு. 'டேய், இது எங்கக்கா கட்டினது, குடுடா'ன்னு பிடுங்கிக்கிட்டான்."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"திறக்கலையா?"

"திறக்காம என்னக்கா? ரொம்ப நல்லா திறந்துச்சு."

"அப்புறம் எப்படிப்பா?"

அவன் கட்டுப்போட்ட கையைத் தடவினான். "நாங்கல்லாம் தடிப்பசங்க, சீக்கிரம் இறங்கிட்டோம். அவன்தான் இறங்கவே இல்ல. லேசான உடம்பு, காத்து தூக்கிக்கிட்டே இருந்துச்சு. 'வாடா, வாடா'ன்னு கீழ இருந்து கத்தினோம். சிரிச்சுக்கிட்டே கையாட்டினான்க்கா. எதிரிங்க சாவகாசமா குறி பாத்து..."

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. சீ, இதிலும் ஒரு நிம்மதியா என்று அடுத்த நொடியே உடம்பு கூசியது. நான் வேண்டியது அப்படியே நடந்திருந்தது. திறந்திருந்தது.

அம்மா வந்து என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். அன்றுதான் அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, அப்படியே இருந்தபடி அவனிடம் கேட்டாள்.

"எடை பத்தலன்னா நிஜமாவே திருப்பி அனுப்பிடுவாங்களாப்பா?"

"ஆமாம்மா. எங்க தெருவுலயே ரெண்டு மூணு பேரை அனுப்பிட்டாங்களே. இப்ப வீட்லதான் இருக்கானுங்க."

பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது.

அம்மா என் கைகளை விட்டாள். முக்காலியில் இருந்த செம்பை எடுக்கக் குனிந்தவள், தொடாமல் நின்றாள்.

"நான்தானேடி மொண்டு மொண்டு குடுத்தேன்" என்றாள்.