முட்டு மரம்

தங்கச் சுரங்கத்து ஊரிகம் ஸ்டேஷனில் வண்டிக்காகக் காத்திருந்த ராஜப்பா தலைத்துண்டை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான். சுரங்கத்தில் கூரையைத் தாங்கும் முட்டு மரம் மக்கிச் சரிந்து கூட்டாளி ஜெயகரன் நசுங்கிச் செத்ததிலிருந்து, ராஜப்பாவும் மற்றக் கூட்டாளிகளும் கீழே இறங்கவில்லை. மரத்தை மாற்றினால்தான் இறங்குவோம் என்று சுரங்கத்துக்கு இறங்கும் ஷாஃப்ட் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மேஸ்திரி தாமோதரன் அவர்களுக்குப் பதிலாக வட ஆற்காட்டிலிருந்து புது ஆட்களை ஏற்றி வருகிறான் என்ற சேதி வந்தது. அவர்களிடம் பேசித் திருப்பி அனுப்ப ராஜப்பாவை அனுப்பியிருந்தார்கள். கேட்கமாட்டோம் என்றால்?

வண்டி நின்றது. ராஜப்பா இறங்கியவர்களைப் பார்த்தான். எல்லோருக்கும் விலா எலும்பு தெரிந்தது. சிலர் நிற்கத் தெம்பில்லாமல் அங்கேயே குந்திவிட்டார்கள்.

"மாமா!"

அவன் மனைவி பார்வதம்மாவின் தம்பி துரை. பொங்கலுக்குப் பார்த்தபோது ஏர் பிடித்துத் திரண்டிருந்த தோள், இப்போது ஒட்டிக் கிடந்தது.

"நீ எங்கடா இங்க?"

"ஏரி வத்திப் போச்சு மாமா. மாடெல்லாம் செத்துப் போச்சு. மேஸ்திரி வேலை தரேன்னாரு. துன்றதுக்கு எதுனா கீதா?"

ராஜப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "எறங்காதடா. மரம் மக்கிக் கீது. தலை மேல வுழும். நாங்க யாரும் எறங்கல."

"எறங்கலன்னா சோறு யாரு போடுவாங்க?"

அதற்குள் தாமோதரன் பொரி மூட்டையோடு வந்தான். "இன்னா ராஜப்பா, மச்சானைக் கூப்பிட வந்தியா? மரமெல்லாம் சரி பண்ணியாச்சு. நீ வராட்டி போ. இவன் எறங்குவான்."

ஆளுக்கு ஒரு கை பொரி விழுந்தது. மென்றுகொண்டே அவன் பின்னால் நடந்தார்கள். ராஜப்பா துரையின் பக்கத்திலேயே நடந்தான். மரம் முனகினால் ஓட வேண்டும், எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று இவனுக்கு யார் சொல்வார்கள்?

ஷாஃப்ட் வாசலில் கூட்டாளி பெருமாள் எழுந்து வந்தான். "அவங்கள திருப்பலியா?"

துரை ஆட்களைக் கீழே இறக்கும் கூண்டுக்குள் ஏறி, கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான். ராஜப்பாவும் ஏறினான்.

"டேய்! இன்னாடா பண்றே?"

"எம் மச்சான்டா. ஒண்ணும் தெரியாதவன்."

பெருமாள் காறித் துப்பினான். மணி அடித்தது. கூண்டு இருட்டுக்குள் விழுந்தது. துரையின் நகங்கள் ராஜப்பாவின் கையில் பதிந்தன.

கீழே லெவலில், குடைந்த பாதை நெடுக, மெழுகுவத்தி வெளிச்சத்தில் முட்டு மரங்கள் வரிசையாக வெள்ளை வெளேரென்று நின்றன.

"எல்லாம் புதுசா கீதே மாமா," என்று துரை மூச்சு வாங்க ஒன்றில் சாய்ந்தான்.

"சாயாதடா!"

துரை திடுக்கிட்டு விலகினான். அவன் வெற்று முதுகில் ஈரச் சுண்ணாம்பு பட்டையாக ஒட்டியிருந்தது. ராஜப்பா மெழுகுவத்தியை உயர்த்தினான். வெள்ளை அழிந்த இடத்தில் பழைய மரம் கறுத்துத் தெரிந்தது. அதிலிருந்து தூள் சத்தமில்லாமல் உதிர்ந்துகொண்டிருந்தது.