பிரபாவதியின் ஏர் பில்டர்

தாராவி தொண்ணூறடி சாலையில் இசக்கிதுரையின் ஒர்க் ஷாப்புக்குத் திங்கட்கிழமை சாயங்காலம் தவறாமல் வருகிறவள் பிரபாவதி. வண்டி வராது, அவள் மட்டும் வருவாள், கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு. பைக்குள் மண்ணில் ஊறிய ஏர் பில்டர் இருக்கும்.

அவளுடையது சேற்றிலும் மேட்டிலும் தாவி ஓடுகிற டர்ட் பைக். ரோட்டில் ஓட்ட முடியாது. கோபர்கைரனேயில் அக்கா கீதா வீட்டில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் டெம்போவில் ஏற்றிப் பன்வேலுக்கு அப்பால் கொண்டுபோவாள். மறுநாள் செம்பூரில் பேங்க் வேலை முடிந்து மாட்டுங்கா வீட்டுக்குத் திரும்பும் வழியில் இங்கே இறங்குவாள். அழுக்குப் பில்டரைக் கொடுத்துவிட்டு, போன வாரம் கொடுத்ததை வாங்கிக்கொள்வாள்.

இசக்கிதுரை அதைப் பையன்கள் கையில் கொடுப்பதில்லை. மண்ணெண்ணெயில் அலசி, சோப்புத் தண்ணீரில் கழுவி, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெல்ல அமுக்குவான். துணியைப் போல முறுக்கினால் பில்டரின் ஸ்பாஞ்ச் ஒட்டிய இடத்தில் விட்டுப்போகும். நிழலில் காய்ந்தபின் பில்டர் ஆயிலை ஊற்றிப் பிசைவான். அந்தப் பிசுக்குதான் தூசியை இன்ஜினுக்குள் போகவிடாமல் பிடித்து நிறுத்தும்.

"இந்தத் தடவ கடல் பக்கமா மேடம்? ஒரே மணலால்லா கெடக்கு."

"அலிபாக் போயிருந்தோம், துரை அண்ணா. ஏக்தம் மஜா, செம ஜாலி!"

அந்த 'அண்ணா' ஒவ்வொரு முறையும் அவன் நெஞ்சில் சின்னதாக ஒரு இடத்தில் குத்தும். ஏறக்குறைய ஒரே வயதுதான் இருவருக்கும். தங்கைகளைக் கட்டிக்கொடுத்து நிமிர்வதற்குள் அவனுக்குக் கல்யாண வயது தாண்டியிருந்தது. எதையும் சொல்லிக்கொள்ள அவன் நினைத்ததில்லை. திங்கட்கிழமை மத்தியானமே கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவான், அவ்வளவுதான்.

ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. அடுத்ததிலும் வரவில்லை. ஆணியில் தொங்கிய சுத்தமான பில்டரை இறக்கி, தேவையே இல்லாமல் மறுபடி கழுவி ஆயில் போட்டான். அதற்கு அடுத்த வாரம் பொறுக்க முடியாமல் போன் செய்தான்.

"விழுந்துட்டேன் அண்ணா. கால்ல பிளேட் வச்சிருக்காங்க. அக்கா வீட்லதான் இருக்கேன்."

அவன் ஆணியில் தொங்கியதைப் பார்த்தான். "பில்டர் இங்கனதான் இருக்கு. கொண்டாந்து மாட்டித் தரட்டா?"

"எதுக்கு? வண்டி சும்மாதானே நிக்குது."

"வண்டில இருக்கது சேறோட கெடந்தா ஸ்பாஞ்ச் மக்கிரும் மேடம்."

பொய்யில்லை. ஆனால் அதற்காக மட்டும் யாரும் கடையைப் பூட்டிவிட்டு அவ்வளவு தூரம் போகமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு சயானில் ரயிலேறி, தாணேயில் மாறி, கோபர்கைரனே போய்ச் சேர்ந்தான்.

கட்டிடத்துக்குப் பின்னால், காலி மைதானத்தை ஒட்டி வண்டி நின்றது. கீதா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட, பிரபாவதி வாக்கரை ஊன்றி வந்து உட்கார்ந்தாள். முகம் இளைத்திருந்தது. அவன் சீட்டைக் கழற்றினான். விழுந்த அன்றைய சேறு பில்டரில் ஓடாகக் காய்ந்திருந்தது. தொட்டதும் ஸ்பாஞ்ச் பிய்ந்து கையோடு வந்தது.

"இது இனி ஆவாது மேடம். நல்லவேளை, இன்னொண்ணு இருக்கு."

இன்ஜினுக்குப் போகும் வாயைத் துணியால் அடைத்துவிட்டு, பில்டர் இருந்த பெட்டிக்குள் கிடந்த மண்ணைத் துடைத்தெடுத்தான். துணியை உருவினான். விளிம்பில் கிரீஸ் தடவிக் கொண்டுவந்த பில்டரைப் பொருத்தினான். சில உதைகளுக்குப் பிறகு வண்டி இருமிக்கொண்டு உயிர் பெற்றது.

பிரபாவதி நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தாள். "எனக்காக ஒரு ரவுண்டு ஓட்டுங்கண்ணா. சத்தம் கேட்டே ரொம்ப நாளாச்சு."

எத்தனையோ வண்டிகளை ரோட்டில் ஓட்டிப் பார்த்தவன்தான். மண்ணில் ஓட்டியதில்லை. முதல் திருப்பத்திலேயே பின் சக்கரம் வழுக்கியது. காலை ஊன்றிச் சமாளித்தான்.

"நின்னுக்கிட்டு ஓட்டுங்க! உக்காராதீங்க!" என்று அவள் கத்தினாள்.

எழுந்து நின்றான். வண்டி அவனுக்குக் கீழே தானாகவே துள்ளியது. காற்று சட்டைக்குள் புகுந்து உப்பியது. மேட்டில் ஏறி இறங்கும்போது அவள் பக்கம் திரும்பிப் பார்த்தான். இத்தனை நாளில் அவள் முகத்தை அப்படி அவன் பார்த்ததே இல்லை. உதடுகள் லேசாகப் பிரிந்திருந்தன. கண்கள் கலங்கி மின்னின. ஒரு நொடி அந்தப் பார்வை தனக்குத்தான் என்று நினைத்தான். அப்புறம்தான் புரிந்தது, அவள் வண்டியைப் பார்க்கிறாள். அதன் மேல் யார் இருந்தாலும் அவளுக்கு ஒன்றுதான்.

வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"டாக்டர் என்ன சொல்லுதாரு மேடம்?"

"எலும்பு சேந்துடும்னார். பைக்கைப் பத்தி நான் கேக்கவே இல்ல. கேட்டா வேணாம்னுடுவார்." சூடான டேங்கில் உள்ளங்கையை வைத்தாள். "அண்ணா, ஒவ்வொரு சண்டேவும் வருவீங்களா?"

"வாரேன்" என்றான். யோசிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் போனான். அவள் நாற்காலியில் இருந்தபடியே சொல்லச் சொல்ல ஓட்டப் பழகினான். மழை நாட்களில் படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். அவள் வளைவுகளைப் பற்றியும் மேடுகளைப் பற்றியும் பேசினாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். அவனே கிளப்பிய மண்ணைப் பில்டரிலிருந்து அவனே கழுவினான்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு அவள் வாக்கரும் தடியும் இல்லாமல் நடந்து வந்தாள். கையில் ஹெல்மெட் இருந்தது. கீதா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள்.

"டாக்டர் சரின்னுட்டார்க்கா. கேட்டுட்டேன்."

அவன் கிக்கரை உதைத்து ஸ்டார்ட் செய்து கொடுத்தான். அவள் ஏறி உட்கார்ந்தாள். முதலில் பயந்து பயந்து, பிறகு எழுந்து நின்று, மைதானத்தைத் தாண்டிக் குவாரிப் பாதையில் வேகமெடுத்தாள்.

"உக்காருங்க தம்பி, அவ இப்போதைக்கு வரமாட்டா" என்றாள் கீதா.

"இருக்கட்டும்க்கா."

அவன் நின்றுகொண்டே இருந்தான். தூசி அடங்கிவிட்டது. இன்ஜின் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் மலைப்பக்கமிருந்து மெலிதாகக் கேட்டுக்கொண்டிருந்தது.