வேன்காரர் காய்ச்சிய டீசல்

"இனிமே பெட்ரோல் பங்க் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லியிருந்தார் வேன்காரர். மனைவி நடத்தும் கேன்டீனில் பொரித்து மிஞ்சிய எண்ணெய் டின் டின்னாகக் கிடந்தது. அதை டீசலாக மாற்ற, வீடியோ ஒன்றைப் பார்த்து மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் வாங்கியாயிற்று. எண்ணெயை முதலில் சூடாக்கி அதிலிருக்கும் தண்ணீரைப் போக்க வேண்டும் என்று வீடியோவில் சொன்ன இடத்தை மட்டும் அவசரக்குடுக்கையாகத் தள்ளிவிட்டுப் பார்த்தார். எல்லாவற்றையும் ஒரு டிரம்மில் கலந்து மூடிவைத்து, வண்டி டேங்க்கையும் தைரியமாக வற்றவிட்டார்.

காலையில் டிரம்மைத் திறந்தால், டீசல் மிதக்க வேண்டிய இடத்தில் கொழகொழவென்று என்னமோ நின்றது. மனைவி அதைத் தொட்டுக் குழாயடியில் கையைக் காட்டினாள். நுரை பொங்கியது.

"என்னங்க, இது சோப்பு."

"நல்லாப் பாத்தியா?"

"தினமும் அண்டா கழுவுறவகிட்டயா கேக்குறீங்க?"

வீணாக்க மனசு வராமல், வேனை அதைப் போட்டே தேய்த்துக் கழுவினார். வாங்கிய அன்றுகூட அது அப்படி மின்னியதில்லை. பிறகு, "விஞ்ஞானி வர்றாரு, வழிவிடுங்க" என்று தானே குரல் கொடுத்தபடி, மூச்சிரைக்க வேனைப் பங்க்குக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"புது வண்டியாண்ணே?" என்றார் பங்க்காரர்.

"பழசுதான்பா. சொந்தமாக் காய்ச்சின டீசல்ல கழுவினேன். ஓட்டுறதுக்கு உன் டீசலை ஊத்து."