தினேஸ்வரியின் விரதம்

பள்ளியில் நாலாம் படிவத்தில் என் பக்கத்தில் உட்காரும் தினேஸ்வரி, மெலியவேண்டும் என்று கேண்டீன் பக்கமே வரமாட்டாள். வீட்டில் கேட்டால் தைப்பூச விரதம் என்பாள். மகளுக்கு எவ்வளவு பக்தி என்று அவள் அம்மா எங்கள் ஊர் புந்தோங் முழுக்கப் பெருமை பேசினார்.

தைப்பூசத்தன்று பால்குடத்தோடு நடுரோட்டில் சரிந்தாள். உடம்பு நடுங்கியது.

"அருள் வந்திருச்சு!" உறுமியை இன்னும் ஓங்கி அடித்தார்கள்.

"சாமி இல்ல ஆன்ட்டி, இவ ஒழுங்கா சாப்பிட்டே ரொம்ப நாளாச்சு!" தொண்டை கிழியக் கத்தினேன். அந்தச் சத்தத்தில் யார் காதில் விழும்?

அவள் அம்மா கைகூப்பி மண்டியிட்டார். "என்ன வேணும், தாயே?"

தினேஸ்வரியின் உதடு அசைந்தது. "பசிக்குதும்மா."

"தாயிக்குப் பசிக்குதாம்!" என்று கூட்டத்தைப் பார்த்து அழுதபடி சொன்னார் அம்மா. பிறகு மகளுக்கு முன்னால் சூடம் ஏற்றினார்.