மேலும் காண்க

பினாங்கு நூலகத்தில் கிராணி எனப்படும் குமாஸ்தாவாக இருந்த கந்தப்பு அந்த நான்கு நாளில் பேசிய பேச்சு, அதற்கு முந்தைய ஒன்றரை வருஷத்தில் பேசியதைவிட அதிகம். மனைவி யோகம்மாவும் இரண்டு பெண்பிள்ளைகளும் சண்டை தொடங்குமுன்னே யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறிவிட்டார்கள். ஜப்பான்காரன் வந்தபின் கடிதம் நின்றுபோனது. நூலகத்துக்கு வாசகர் வருவதும் நின்றுபோனது. இவர் மட்டும் தினமும் கதவைத் திறந்து, தூசி தட்டி, அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தின்று, கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அப்போதுதான் ஜப்பானியரின் பிரச்சார இலாகா வாசு, பத்மாவதி என்று இரண்டு பேரை அனுப்பியது. செய்திப்படம் எடுக்கப் பழகுகிறவர்கள். முதல் படம் பினாங்குத் துறைமுகத்தைப் பற்றி. அதற்கு நூலகத்தின் அட்டவணை அட்டைகளை வைத்து விவரம் தேடும் முறையை மூன்று வாரம் கந்தப்பு சொல்லிக்கொடுக்க வேண்டும். கூட வந்த ஜப்பானிய அதிகாரி ஜன்னலோரம் உட்கார்ந்து தன் புத்தகத்தைப் படித்தார். அவருக்கு மலாய் தெரியும், தமிழ் தெரியாது.

"கொட்டகையில டிக்கெட்டு கிழிச்சிக்கிட்டு இருந்தேன், கிராணி ஐயா. இப்பக் கார்டு பொறுக்க வெச்சிட்டாங்க லா" என்று சிரித்தான் வாசு. பத்மாவதி சிரிக்கமாட்டாள். சொன்னதையெல்லாம் எழுதிக்கொள்வாள்.

"அட்டையில 'மேலும் காண்க' எண்டு இருந்தா விடக்கூடாது, பிள்ளையள்" என்பார் கந்தப்பு. "அது சொல்ற இழுப்பறைக்குப் போங்கோ. அங்க இன்னொண்டைச் சொன்னா அதுக்கும் போங்கோ. கடைசி அட்டையைப் பாக்காம கையை எடுக்காதேங்கோ." சொல்லும்போது குரல் தானாக உயர்ந்தது. அந்த மண்டபத்தில் தன் குரல் எதிரொலிப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

நான்காம் நாள் பத்மாவதி ஓர் அட்டையோடு மேசைக்கு வந்தாள்.

"ஐயா, 'துறைமுகத் தொழிலாளர்' தலைப்புல தேடுனேன். 'மேலும் காண்க: சீன நிவாரண நிதி'ன்னு போட்டிருக்கு. அந்த டிராயர்ல அப்படி ஒரு கார்டே இல்ல."

கந்தப்பு ஜன்னலோரம் இருந்த அதிகாரியைப் பார்த்தார்.

ஜப்பானோடு போரிட்ட சீனாவுக்கு உதவத் திரட்டிய பணம் அது. போன வருஷம் அந்த நிதிக்குக் கொடுத்தவர்களைத் தேடி ஜப்பானிய ராணுவம் ஆட்களைப் பிடித்து லோரியில் ஏற்றியது. போனவர்கள் பலர் திரும்பவில்லை. கொடுத்தவர்களின் பெயர், விலாசம் எல்லாம் அச்சான அறிக்கை ஒன்று இவர் அலமாரியில் இருந்தது. புத்தகத்தை எரிக்கக் கை வரவில்லை. விவசாய அறிக்கைகளுக்குப் பின்னால் அதைத் தள்ளிவிட்டு, அதன் அட்டையை மட்டும் உருவி அடுப்பில் போட்டார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆளும் இல்லை. ஆனால் அந்த அட்டைக்கு வழிகாட்டும் மற்ற அட்டைகளை அவர் நினைக்கவேயில்லை. எல்லாம் அவரே தட்டெழுதியவை, ஒவ்வொரு தலைப்பிலிருந்தும் ஒன்று.

"கார்டு கெழங்கு வாங்க கியூவுல நிக்கப் போயிருக்கும்" என்றான் வாசு சத்தமாக. அதிகாரி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

பத்மாவதி கிராணியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தணிந்த குரலில், "தேடிக் கிடைக்காததையும் எழுதணும்னீங்க. இத எழுதவா, விடவா?"

"எழுதாதேங்கோ, பிள்ளை."

அவள் அட்டையை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, தாளில் ஒரு வரியை அடித்தாள்.

இதேபோல் இன்னும் எத்தனை அட்டை? நாடகம், பள்ளிக்கூடம், வணிகர் சங்கம்... கடைசிவரை போகச் சொல்லிப் பழக்கியதும் அவர்தான். அடுத்ததை வாசு கண்டுபிடித்தால் மண்டபம் முழுக்கக் கேட்கும், இலாகா வரைக்கும் போகும்.

கந்தப்பு எழுந்து ஜன்னலருகே போய் மலாயில் சொன்னார்: இருவரும் நன்றாகத் தேறிவிட்டார்கள், இனி வரத் தேவையில்லை. வேண்டியதைச் சீட்டில் எழுதி அனுப்பினால் நானே எடுத்து அனுப்புகிறேன். அதிகாரி சந்தோஷமாகப் புத்தகத்தை மூடினார்.

"மூணு வாரம்னாங்களே! நாலு நாளுல பாஸா? அவ்ளோ கெட்டிக்காரனா நானு?" என்றான் வாசு.

"ஓம் தம்பி, கெட்டிக்காரன்தான்."

இரவல் வாங்கிய பென்சிலைப் பத்மாவதி மேசையில் வைத்தாள். "போயிட்டு வர்றேங்க, ஐயா" என்றாள். இவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அவர்கள் காலடிச் சத்தம் படிக்கட்டில் இறங்கி ஓய்ந்ததும், முதல் இழுப்பறையை மேசைமேல் வைத்து, அந்த நிதியைக் காட்டும் வரியைத் தேடி ஒவ்வோர் அட்டையாகப் புரட்டத் தொடங்கினார். பூட்டும் நேரம் வந்தபோது அதில் பாதிகூட முடியவில்லை. எதிரே அவர்கள் உட்கார்ந்த இரண்டு நாற்காலிகளும் இழுத்த இடத்திலேயே கிடந்தன. அவற்றை அவர் உள்ளே தள்ளவில்லை.